ஒரு பூவா? நூறு பூவா?

ஆயுத பூஜைக்குக் கட்டிய செண்டுமல்லி மாலையைக் காய்ந்த பிறகு என்ன செய்வீர்கள்? குப்பையில் போடாதீர்கள். ஒரு பூவை மட்டும் பிய்த்துப் பாருங்கள்.

ஒவ்வொரு இதழின் அடியிலும் ஊசி போல் ஒரு கறுப்பு விதை இருக்கும். இதழுக்கு ஏது விதை? பூவுக்குத்தானே விதை! ஆம், நாம் இதழ் என்று நினைத்த ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நாம் பூ என்று வாங்குவது ஒரு பூக்கூட்டம்!

பெயர் என்ன?

இப்படி நெருங்கி அமர்ந்த பூக்கூட்டத்துக்குத் தாவர நூலார் வைத்த பெயர் 'சிரமஞ்சரி'. சிரம் என்றால் தலை. மஞ்சரி என்றால் பூங்கொத்து. காம்பில்லாத சிறு பூக்கள் ஒரே மேடையில் கூடி, ஒரு தலை போலத் தோன்றுவதால் இந்தப் பெயர்.

எரியோட்டுப் பக்கம் நடந்தால் இதைப் பல இடங்களில் காணலாம். வேலியோரக் கருவேல மரத்தின் மஞ்சள் உருண்டையும் பூக்கூட்டமே. தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்தும் அப்படியே. வாடாமல்லி, செவ்வந்தி எல்லாம் இந்த வகைதான்.

சூரியகாந்தியின் கணக்கு

1969-ல் சோவியத் ரஷ்யாவிலிருந்து எண்ணெய் வித்துப் பயிராக நம் நாட்டுக்கு வந்தது சூரியகாந்தி. அதன் ஓரத்தில் உள்ள மஞ்சள் இதழ்ப் பூக்கள் விதை தருவதில்லை. அவை தேனீக்களை அழைக்கும் விளம்பரப் பலகை! நடுத் தட்டில் உள்ள பூக்களே விதை தருபவை. அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக மலரும்.

ஒரு சிறு பூவுக்கு ஒரு விதை. அந்தப் பூவுக்கு மகரந்தம் சேராவிட்டால் விதை பொக்காகும். தலை பெரிதாக இருந்து என்ன பயன்? செக்குக்குப் போனால் எண்ணெய் இராது!

விவசாயிகள் கவனிக்க

ஆகவே பூக்கும் நாட்களில் காலை வேளையில் மருந்து தெளிக்கக் கூடாது. தேனீ வந்து போகும் நேரம் அது. இரண்டரை ஏக்கருக்கு 5 தேனீப் பெட்டிகள் வைப்பது நல்லது. தேனீ குறைவாக இருந்தால், காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணி சுற்றிய கையால் ஒவ்வொரு தலையாக மெதுவாகத் தடவிவிடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால், புதிதாக மலர்ந்த பூக்களுக்கும் மகரந்தம் கிடைக்கும்.

குழந்தைகளே! அந்தக் காய்ந்த மாலையின் விதைகளை வீட்டு முற்றத்தில் தூவித் தண்ணீர் விடுங்கள். ஒரு பூவிலிருந்து எத்தனை செடி முளைக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!