நகரம் தரும் கூரை

ஜனவரி மாதத்தில் தில்லியின் இரவுகள் கடுங்குளிர் நிறைந்தவை. மூடுபனி தெருவிளக்குகளையும் மறைத்துவிடும். அந்த வேளையில் சராய் காலே கான் பேருந்து நிலையத்தின் அருகிலும், ஜாமா மசூதியைச் சுற்றியும், எய்ம்ஸ் மருத்துவமனையின் வாயிலருகிலும் சில கூடங்களில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ரிக்‌ஷா இழுப்பவர், மூட்டை தூக்குபவர், திருமண விருந்துகளில் பரிமாறுபவர், மருத்துவமனையில் கிடக்கும் உறவினருக்காக வெளியூரிலிருந்து வந்தவர் எனப் பலரும் அங்கு வந்து சேர்வர். வாயிலில் ஒருவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பாயும் கம்பளியும் தருவார். கட்டணம் இல்லை. இக்கூடத்தை இந்தியில் ‘ரைன் பசேரா’ என்பர். தமிழில் ‘இரவுக் காப்பகம்’ எனலாம்.

இக்காப்பகத்தைக் கட்டுவது அரசு. ஆயினும் வாயிலில் பெயர் எழுதுபவர் பெரும்பாலும் அரசு ஊழியர் அல்லர். ஒரு தொண்டு நிறுவனத்தின் பணியாளர். அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? ஒரு நகரம் தன் பணத்தைத் தொண்டு நிறுவனங்களின் வழியே எவ்வாறு எளியோருக்குக் கொண்டு சேர்க்கிறது? அதனை இப்பாடம் விளக்குகிறது.

சேலத்திலிருந்து வந்தவர்

வீடற்றோர் என்போர் யாவர்? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் வீடின்றி வாழ்வதாகக் கூறியது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்.

தமிழர்களும் அவ்வாறு சென்றுள்ளனர். சேலத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளியாக இருந்த ஒருவர், வறட்சியால் வேலை இழந்து 1961ஆம் ஆண்டு பம்பாய் சென்றார். அங்கு நாட்கூலியாக வேலை பார்த்து, நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பாலும் கித்தானாலும் அமைந்த குடிலில் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1981ஆம் ஆண்டு ஜூலையில் அக்குடில் இடிக்கப்பட்டது. அவரும் குடும்பத்தினரும் சேலத்திற்குச் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கினர். அவரோ வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே திரும்பி, மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிலில் குடிபுகுந்தார். ஊரில் சோறு இல்லை. நகரில் வீடு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அவரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1985ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கியது. ‘ஓல்கா டெல்லிஸ் வழக்கு’ என்று அது அறியப்படுகிறது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கூறியது. நடைபாதையில் நிலையாகத் தங்கலாம் என்று அது கூறவில்லை. ஆனால், பொதுவாக முன்னறிவிப்பின்றி எவரையும் அகற்றலாகாது என்றும், அவ்வாண்டு மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றும் பணித்தது. அகற்றப்படுவோர் எங்குச் செல்வர் என்னும் வினா அதன்பின்னும் எஞ்சியே இருந்தது.

அவ்வினா தில்லியில் மீண்டும் எழுந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் குளிரில், பூசா சாலையில் இருந்த தற்காலிகக் காப்பகம் ஒன்று அகற்றப்பட்டது. செய்தி நாளிதழில் வெளிவந்தது. தில்லி உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. 2010ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் இதில் தலையிட்டது. காப்பகங்கள் குளிர்காலத்திற்கு மட்டும் உரியவை அல்ல, ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதே ஆண்டில், ஒரு சட்டத்தின்வழி ‘தில்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம்’ நிறுவப்பட்டது. இன்று தில்லியின் இரவுக் காப்பகங்களுக்கு இவ்வாரியமே பொறுப்பு.

நகரின் கருவூலம்

ஒரு வீட்டிற்கு வரவும் செலவும் இருப்பதுபோல் நகரத்திற்கும் உண்டு. நகரத்தின் வரவு மூன்று வழிகளில் அமைகிறது.

முதலாவது, சொந்த வருவாய். வீடுகளுக்கும் கடைகளுக்கும் விதிக்கப்படும் சொத்து வரி இதில் முதன்மையானது. விளம்பரப் பலகை, வாகன நிறுத்தம் முதலியவற்றால் வரும் கட்டணங்களும் இதில் அடங்கும்.

இரண்டாவது, மாநில அரசு தரும் பங்கு.

மூன்றாவது, ஒன்றிய அரசு திட்டங்களின்வழித் தரும் நிதி. 2013ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், வீடற்றோர் காப்பகத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது பெரும்பாலான மாநிலங்களில் செலவின் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும், 25 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. ஒரு லட்சம் மக்கள் வாழும் இடத்தில் குறைந்தது 100 பேர் தங்கும் வசதி வேண்டும், ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்பவை அத்திட்டத்தின் அளவுகோல்கள்.

ஏழ்மையைப் போக்குவதும் நலிந்தோரைக் காப்பதும் நகராட்சிகளின் பணிகளாகலாம் என்பதை அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் எடுத்துரைக்கிறது. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டுள்ளது.

ஏன் தொண்டு நிறுவனங்கள்?

அரசே தன் ஊழியர்களைக் கொண்டு காப்பகத்தை நடத்தலாம் அன்றோ? நடத்தலாம். எனினும், காப்பகம் நடத்துவது கட்டடம் காப்பது போன்றதன்று. தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், சீருடை அணிந்தவரைக் கண்டாலே விலகிச் செல்வார். அடையாளச் சான்று கேட்டால் அஞ்சுவார். நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், குடிப்பழக்கம் உடையவரிடம் பொறுமையாகப் பேசவும் அவர்களை அறிந்த ஒருவர் வேண்டும். அத்தகைய பட்டறிவு, அப்பகுதியில் நெடுநாள் பணியாற்றும் தொண்டு நிறுவனங்களிடம் உள்ளது.

அரசிடம் பணமும் இடமும் உண்டு. தொண்டு நிறுவனத்திடம் மக்களின் நம்பிக்கை உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பகம் இயங்கும். தேரை ஊர் கூடி இழுப்பது போன்றதே இதுவும். சென்னை மாநகராட்சியின் காப்பகங்களும் தொண்டு நிறுவனங்களின் துணையோடுதான் நடைபெறுகின்றன.

பணம் செல்லும் வழி

அரசு ஒரு தொண்டு நிறுவனத்திற்கு மூன்று வகையில் உதவலாம். ஒன்று, மானியம்: நிறுவனம் செய்துவரும் நற்பணிக்குத் துணையாக ஒரு தொகை தருவது. இரண்டு, ஒப்பந்தம்: இன்ன பணியை இன்ன முறையில் செய்தால் இவ்வளவு தொகை என்று எழுதிக்கொள்வது. மூன்று, பொருளுதவி: கட்டடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை அளிப்பது. காப்பகங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் இணைந்து வருகின்றன.

ஒப்பந்தம் பின்வரும் படிகளில் நடைபெறும்.

முதலில், வரவு செலவுத் திட்டத்தில் காப்பகங்களுக்கென ஒரு தொகை ஒதுக்கப்படும். அடுத்து, காப்பகங்களை நடத்த விரும்பும் நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம் என அறிவிப்பு வெளியாகும். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்ற நிறுவனங்களே விண்ணப்பிக்க இயலும். அவை தம் முன்னனுபவத்தையும், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையும் காட்ட வேண்டும். தகுதியுடைய நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும். எத்தனை பணியாளர்கள், எத்தனை முறை துப்புரவு, எவ்வெப்பதிவேடுகள் என்பன யாவும் அதில் இருக்கும். பணி தொடங்கியபின், நிறுவனம் செலவுப் பட்டியலை அளிக்கும். அதிகாரிகள் சரிபார்த்துப் பணம் விடுவிப்பர். இறுதியில், பெற்ற தொகையை உரிய பணிக்கே செலவிட்டதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்பட வேண்டும்.

இப்படிகளுள் ஒன்று தடைப்பட்டாலும் அதன் விளைவு வாயிலில் பெயர் எழுதுபவரைச் சென்றடையும். பட்டியலைச் சரிபார்க்கத் தாமதமானால் அவருடைய ஊதியமும் தாமதமாகும்.

ஒரு கணக்கு

2013ஆம் ஆண்டுத் திட்டம், 50 பேர் தங்கும் காப்பகம் ஒன்றை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என வரையறுத்தது. அத்தொகை ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும். இதனை எளிய கணக்காக்கிப் பார்க்கலாம்.

6,00,000 ரூபாயை 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 50,000 ரூபாய். அதை 50 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33 ரூபாய். ஒரு மனிதருக்குக் கூரையும் பாதுகாப்பும் தர ஒதுக்கிய தொகை இதுவே.

காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். ஒருவர் எட்டு மணி நேரம் பணியாற்றினால் நாளொன்றுக்கு மூவர் தேவை. ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என வைத்துக்கொண்டால், மூவருக்கு 36,000 ரூபாய். மீதம் 14,000 ரூபாய். துப்புரவு, கம்பளி வெளுத்தல், பழுதுபார்த்தல், முதலுதவிப் பொருள்கள் ஆகிய அனைத்தையும் அதற்குள் முடிக்க வேண்டும். மூவருள் ஒருவர் விடுப்பு எடுத்தால் மாற்றுப் பணியாளருக்கான ஊதியம் எங்கிருந்து வரும்?

இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. மிகக் குறைந்த தொகைக்குப் பணியேற்கும் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தால், பொதுப்பணம் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் பணியாளரின் ஊதியத்திலிருந்தோ, கம்பளியின் தூய்மையிலிருந்தோ பிடிக்கப்பட்டதாக இருக்கலாம். எனவே, விலையோடு பணியின் தரத்தையும் சேர்த்து எடைபோடுவதே முறையாகும். ஐந்து ஆண்டுகள் முடிந்தபின் செலவை நகரமோ மாநிலமோ ஏற்க வேண்டும் என்பதையும் முன்பே திட்டமிட வேண்டும்.

கண்காணிப்பு

பொதுப்பணம் எவ்வழியில் சென்றாலும் கணக்கு இருந்தாக வேண்டும். பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அது செலவாக வேண்டும் என்பதும் ஒரு பாடம். ஒதுக்கிய நிதி இருந்தும் பல மாநிலங்களில் காப்பகங்கள் எழவில்லை. இதனை ஆராய உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

தொண்டு நிறுவனங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. அரசின் நிதியைப் பெருமளவு பெறும் தொண்டு நிறுவனங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் என்று 2019ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, அத்தகைய நிறுவனம் பெற்ற தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று குடிமக்கள் எவரும் கேட்கலாம்.

எனினும், எல்லாவற்றையும் எண்ணிக்கையால் அளந்துவிட முடியாது. நேற்றிரவு 48 பேர் தங்கினர் என்று பதிவேடு கூறும். அவர்களுள் ஒருவர் இரண்டு மாதங்களுக்குப் பின் வாடகை அறைக்குக் குடிபெயர்ந்தார் என்றால், மறுநாள் எண்ணிக்கை 47ஆகக் குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அதனைக் குறை என்பார். காப்பகத்தின் வெற்றியோ அந்தக் குறைவில்தான் இருக்கிறது.

நகரத்தைக் கட்டுவோருள் பலர் அந்நகரத்தில் வீடில்லாதவர்கள். அவர்கள் சுமக்கும் செங்கல்லில் எழும் கட்டடங்களிலிருந்தே சொத்து வரி வருகிறது. அவ்வரியின் ஒரு சிறு பகுதி கூரையாக அவர்களிடமே திரும்பி வருவது ஈகை அன்று, முறை.

பயிற்சி

1. நகரத்தின் வரவு எம்மூன்று வழிகளில் அமைகிறது?

2. மானியத்திற்கும் ஒப்பந்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

3. சேலத்திலிருந்து பம்பாய் சென்றவர் மீண்டும் நடைபாதைக்கே திரும்பியது ஏன்? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

4. ‘ஒரு கணக்கு’ என்னும் பகுதியில் பணியாளரின் ஊதியத்தை 14,000 ரூபாய் எனக் கொண்டு மீதித் தொகையைக் கணக்கிடுக. அத்தொகைக்குள் நீவிர் எச்செலவுக்கு முதலிடம் தருவீர்? காரணம் கூறுக.

5. உம் பெற்றோர் அல்லது பாட்டி தாத்தா, நீங்கள் வாழும் நகரத்திற்கு முதன்முதலில் வந்தபோது எங்குத் தங்கினர்? அவர்களிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.