சைக்கிள் ஓட்டினா கை மரத்துப்போகுதா? ஹேண்டில்பாரைக் கவனிங்க!

ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினதுமே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகுதா? 'பழகினா சரியாகிடும்'னு விட்டுடாதீங்க. அந்த விரல்களுக்குப் போகும் அல்நர் நரம்பு, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகச் செல்கிறது. மணிக்கணக்கில் அங்கேயே உடல் எடை அழுத்தினால், விரல்களின் பலமே குறையலாம்.

முதலில், செலவில்லாத வேலை. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், எடை முழுக்க கைக்கு வந்துடும். அதை மட்டமாக்குங்க. அப்படியும் வலிச்சா, ஹேண்டில்பாரின் வடிவத்தை யோசிக்கலாம். எத்தனை இடத்தில் கையை மாற்றி வைக்க முடியுது என்பதுதான் முக்கியம்.

ஃப்ளாட் பார்: நேரான கம்பி. டிராஃபிக்குக்கு சூப்பர். ஆனா, கை வைக்க ஒரே இடம்தான். முனைகளில் கொம்பு மாதிரி 'பார் எண்ட்' மாட்டினால் இன்னொரு பிடி கிடைக்கும்.

டிராப் பார்: ரேஸ் சைக்கிளில் கீழ்நோக்கி வளைந்திருக்குமே, அதுதான். மேல் கம்பி, பிரேக் லீவரின் தலைப்பகுதி, கீழ் வளைவு என மூன்று பிடிகள். எதிர்க்காற்றில் குனிஞ்சுக்கலாம். புதுசா ஓட்டுறவங்க, வளைவின் ஆழம் 12-13 செ.மீ. உள்ள 'காம்பேக்ட்' வகையைக் கேளுங்க; முதுகு ரொம்ப வளைய வேண்டாம்.

பட்டர்ஃப்ளை பார்: வண்ணத்துப்பூச்சி சிறகு மாதிரி இருக்கும். நிமிர்ந்தும் குனிந்தும் பிடிக்கலாம். வேகத்தைவிட சுகம் முக்கியம்னு டூர் போறவங்களுக்கு ஏற்றது.

பின்வளைந்த பார்: தாத்தா காலத்து சைக்கிளில் பார்த்திருப்பீங்க. மணிக்கட்டு முறுக்காமல் இயல்பாக இருக்கும். ஆனா, நிமிர்ந்து உட்காருவதால் காற்று நெஞ்சில் மோதும். எடையும் இடுப்புக்கு இறங்கும்.

அளவு முக்கியம்!

டிராப் பார் வாங்கினா, இரண்டு தோள்பட்டை எலும்பு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்க. 42 செ.மீ. வந்தால் அதை ஒட்டிய அகலமே போதும். சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடு வரை அளக்கும். சில, வெளிவிளிம்பு வரை. இதிலேயே 2 செ.மீ. வித்தியாசம் வரும்.

இன்னொரு விஷயம்... ஃப்ளாட் பாரில் கைப்பிடிக் குழாயின் விட்டம் 22.2 மி.மீ.; டிராப் பாரில் 23.8 மி.மீ. அதனால் ஃப்ளாட்டிலிருந்து டிராப்புக்கு மாறினால் பிரேக் லீவர், கியர் ஷிஃப்டர் எல்லாம் புதுசா வாங்கணும். பாரைவிட அதுக்குத்தான் செலவு அதிகம். பெரும்பாலான பட்டர்ஃப்ளை பார்களில் பழைய லீவர்களே பொருந்தும்.

எல்லாம் மாற்றியும் விரல் மரத்துப்போவது நிற்கலைன்னா, அடுத்து போக வேண்டியது சைக்கிள் கடைக்கு இல்ல, டாக்டரிடம்!