சிற்றலை ரேடியோவில் தெளிவாகக் கேட்கும் முறைகள்

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கஜாப் புயல் கரையேறியபோது, காவிரி டெல்டாவின் கிராமங்கள் பல, நெடுநாட்கள் மின்சாரமின்றித் தவித்தன. கைத்தொலைபேசிகளும் பல இடங்களில் பயன்படாமற் போயின. இத்தகைய சமயங்களில், பாட்டரியால் இயங்கும் சிறு ரேடியோ ஒன்று சங்கக் கட்டிடத்தில் இருப்பின் ஊர் முழுவதற்கும் உதவும். அருகிலுள்ள நிலையம் செயலற்றாலும், தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்க இயலும். ஆயினும், "இரைச்சலன்றி வேறொன்றும் கேட்கவில்லை" என்று பலர் அப்பெட்டியை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை. வைக்கும் இடத்திலும், கேட்கும் நேரத்திலும், கட்டும் கம்பியிலுமே உள்ளது.

இடம்: இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் சுவர்கள் அலைகளைத் தடுக்கும். ஆகையால் பெட்டியை ஜன்னலருகிலோ திண்ணையிலோ வைத்தல் நலம். எல்.இ.டி. விளக்குகள், தொலைபேசி சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள் ஆகியவையும் இரைச்சலை உண்டாக்குகின்றன. இதைச் சோதிக்கும் வழி எளிது. பெட்டியைப் பாட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் ஸ்விச்சை அணைத்துப் பார்க்கவேண்டும். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டினுள்ளேயே இருக்கிறான். பின்பு ஒவ்வொரு சாதனமாகப் போட்டு அவனைக் கண்டுபிடிக்கலாம்.

நேரம்: பூமிக்கு வெகு உயரத்தில், சூரிய ஒளியினால் மின்னேற்றமடைந்த காற்றடுக்குகள் உள்ளன. சிற்றலைகள் அவற்றால் திருப்பப்பட்டே தூர தேசங்களை அடைகின்றன. பகலில் கீழடுக்கு வலுப்பெற்று, நீளம் அதிகமான அலைகளை விழுங்கிவிடுகிறது. எனவே பகலில் 16, 19 மீட்டர் அலைகளும், இரவில் 41, 49 மீட்டர் அலைகளும் பெரும்பாலும் நன்கு கேட்கும். காலையிலும் மாலையிலும் 25, 31 மீட்டர் அலைகளைத் தேடலாம். பெட்டியில் மெகாஹெர்ட்ஸ் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், 300-ஐ அந்த எண்ணால் வகுக்க மீட்டர் கிடைக்கும். 6 மெகாஹெர்ட்ஸ் என்பது 50 மீட்டர்.

கம்பி: பெட்டியின் நீட்டுக் கம்பியோடு, உறையிட்ட செப்புக் கம்பி 5 முதல் 10 மீட்டர் வரை இணைத்து, மறுமுனையை வெளியே மரத்திலோ மூங்கிலிலோ கட்டினால் ஒலி வலுக்கும். மேலும் நீட்டினால் சிறு பெட்டி தாங்காது; நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். அப்போது கம்பியைக் குறைக்கவேண்டும். மத்திய அலைக்கோ நீட்டுக் கம்பி பயன்படாது. அதற்குரிய சிறு ஏரியல் பெட்டிக்குள்ளேயே உள்ளது. பெட்டியையே மெல்லத் திருப்பி, ஒலி மிகும் திசையில் நிறுத்துதல் வேண்டும்.

எச்சரிக்கை: மின்சாரக் கம்பிகளின் மேலோ அருகிலோ ஏரியலைக் கட்டலாகாது. இடி மின்னலின் அறிகுறி தோன்றுமுன்பே வெளிக்கம்பியைக் கழற்றிவிடவேண்டும். பெட்டியை உபயோகிக்காத நாட்களில் பாட்டரிகளை எடுத்துவிடாவிடில், அவை கசிந்து பெட்டியைக் கெடுக்கும்.

சங்கத்தார் இப்பொறுப்பை அங்கத்தினர் ஒருவரிடம் ஒப்புவித்து, எந்நேரத்தில் எந்நிலையம் எத்தனை மீட்டரில் தெளிவாகக் கேட்கிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது சிறந்தது. இவ்வேலை ஐப்பசி மழைக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். புயலடிக்கும் இரவில் நிலையம் தேடத் தொடங்குவது, வெள்ளம் வந்தபின் கரை போடுவதற்கு ஒப்பாகும்.