பாட்டு முடிந்த பிறகும் விடமாட்டோமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒரு பாடகியைப் பார்த்து நான் கத்திவிட்டேன். அந்தப் பேச்சு இன்னும் என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் சொன்னாலாவது பாரம் கொஞ்சம் குறையாதா என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு அம்பத்தூரில். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள், சீரியல் பல்பு கட்டுவார்கள், மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். அந்த வருஷம் எங்கள் அம்மன் கோயிலுக்கு, டி.வி. போட்டியில் பாடிப் பேர் வாங்கிய ஒரு பாடகி வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் பெண்ணுக்கு அப்போது 11 வயது. பாட்டு கிளாஸ் போகிறவள். கேட்க வேண்டுமா! ஒரு வாரமாக அதே பேச்சுதான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வைத்திருந்த ஆட்டோகிராஃப் நோட்டைப் பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அதில் என் சிநேகிதிகள் எழுதியது போகக் கடைசியில் நாலு பக்கம் காலியாக இருந்தது.

ஏழரை மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்று மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடினாள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்! பத்தே முக்காலுக்கு முடிந்தது. நாங்கள் இருவரும் முண்டியடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனோம். அங்கே எங்களுக்கு முன்பே நாற்பது ஐம்பது பேர். பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். என் பெண் நோட்டை நீட்டினாள். அவள் தொண்டையில் கை வைத்து, தலையை ஆட்டி, 'முடியாது' என்று ஜாடை காட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

என் பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"என்ன கர்வம் பாரு! நாங்க கை தட்டலேன்னா இவங்களை யாரு சீந்துவாங்க?" என்று உரக்கச் சொன்னேன். வேன் ஜன்னல் வழியாக அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. அழுதுவிடுகிற மாதிரி ஒரு பார்வை. வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறு வாரம், "பாட்டு கிளாஸ் வேணாம்மா" என்றாள்.

வீட்டில் நடந்த வழக்கு

என் கணவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷினில் வேலை பார்க்கிறார். நான் நடந்ததைச் சொல்லிப் பொருமினபோது அவர் சிரித்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு கேட்டைத் தாண்டி வர்றேன்னு வெச்சுக்க. ஒருத்தன் வந்து, 'சார், உங்க வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு, எனக்காக இன்னும் ஒரே ஒரு பீஸ் கடைஞ்சு குடுங்க'ன்னு கையைப் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"உங்க வேலையும் அதுவும் ஒண்ணாங்க? அவங்களுக்கு ரசிகருங்கதானே சோறு போடறாங்க!"

அதுவரைக்கும் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "எங்க ஊர்ல நாயனக் கச்சேரி முடிஞ்சா, வாசிச்சவங்களுக்கு நாமதான் தாம்பூலம் வெச்சுக் குடுத்துக் கும்பிட்டு அனுப்புவோம். அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கிட்டு வர மாட்டோம். இப்ப எல்லாம் தலைகீழால்ல இருக்கு!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

நவராத்திரியில் கிடைத்த பாடம்

பாட்டு டீச்சர் நேரில் வந்து தாஜா செய்ததில் என் பெண் மறுபடி கிளாசுக்குப் போக ஆரம்பித்தாள். நவராத்திரி வந்தது. கொலு பார்க்கப் போன வீட்டிலெல்லாம், "பாடும்மா கண்ணு" என்றார்கள். எனக்கும் பெருமைதானே? ஒரே சாயங்காலம் ஐந்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு முடிந்தால், "இன்னும் ஒண்ணே ஒண்ணு." ஐந்தாவது வீட்டில் அவள் குரல் கம்மிவிட்டது. சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த வீட்டு அம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இப்பதான் எங்க அண்ணி வந்தாங்க. அவங்களுக்காக ரெண்டு வரி பாடு, வீடியோ எடுக்கணும்" என்று தோளைப் பிடித்து நிறுத்தினார்.

என் பெண் தொண்டையில் கை வைத்து, தலையை ஆட்டினாள்.

அதே ஜாடை!

"அடேங்கப்பா! இந்த வயசுலயே இவ்வளவு கர்வமா?" என்றார் அந்த அம்மாள், விளையாட்டாகத்தான். என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேன் ஜன்னலில் நான் பார்த்த அதே பார்வை. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

தொண்டைக்கும் ஓய்வு வேண்டாமா?

மறுநாள் டீச்சரிடம் போய் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். தாய்மார்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் தொண்டையில் குரல் நாண்கள் என்று இரண்டு சின்னத் தசை மடிப்புகள் இருக்கின்றன. நாம் சாதாரணமாகப் பேசும்போதே பெண்களுக்கு அவை ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஸ்தாயியில் பாடும்போது இன்னும் அதிகம். மூன்று மணி நேரம் பாடினால் அவை களைத்து லேசாக வீங்கியும் இருக்கும். அந்த நேரத்தில் ஐம்பது பேருக்குப் பதில் சொல்வதென்றால், அதுவும் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் சொல்வதென்றால், தன்னையறியாமல் கத்த வேண்டிவரும். பாடினதைவிட அதுதான் தொண்டையைக் கெடுக்கும். 'ரகசியம் பேசுகிற மாதிரி குசுகுசுவென்று பேசலாமே' என்று நினைப்போம். அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். வாய் திறக்காமல் இருப்பது ஒன்றே நிஜமான ஓய்வு.

உங்கள் குழந்தை பாடுகிறவளாக இருந்தால் அடிக்கடி வெந்நீர் கொடுங்கள். சளி பிடித்திருக்கும்போது பாடச் சொல்லாதீர்கள். காறிக் காறிக் கனைக்க விடாதீர்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரம் ஆகியும் சரியாகாவிட்டால், கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்கள் வாழ்விலும்

இந்தச் சங்கடம் பெரிய வித்வான்களையும் விடவில்லை. 2018 மே மாதம் தேசிய விருது வாங்க டில்லிக்குப் போயிருந்தார் கே.ஜே. யேசுதாஸ். ஓர் இளைஞர் கேட்காமலே பக்கத்தில் வந்து செல்ஃபி எடுக்க, அவர் கையைத் தட்டிவிட்டு, போனை வாங்கிப் படத்தையும் அழித்துவிட்டார். செல்ஃபி என்பதே சுயநலம் என்றார். 'இவ்வளவு பெரிய மனிதர் இப்படிச் செய்யலாமா?' என்று ஒரு கட்சி. 'கேட்காமல் எடுத்தது தப்பில்லையா?' என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கேட்காமல் எடுத்ததும் தப்பு. தட்டிவிடாமல் வாயால் சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும்.

2023 மே மாதம் ஔரங்காபாத் கச்சேரியில் பாடகர் அரிஜித் சிங் ரசிகர்களுக்குக் கை கொடுக்கப் போக, ஓர் அம்மாள் ஆசையில் பிடித்து இழுத்து அவர் கையில் அடிபட்டது. அவர் திட்டவில்லை. நீங்கள் இப்படி இழுத்தால் நான் எப்படிப் பாடுவது என்று பொறுமையாகவே கேட்டார். வெளிநாட்டிலும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழுவில் டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார், 2008 அக்டோபர் 20க்குப் பிறகு வருகிற தபாலுக்குக் கையெழுத்து போட்டு அனுப்பப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அத்தனை வருஷம் போட்டவர்தான்.

அப்படியானால் பாடுகிறவர்கள் நமக்கு எதுவுமே கடன்படவில்லையா? பட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி நடந்தபோது, டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள்! நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை டி.வி.யில் பார்த்தோம். டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடாயிற்று. அது சரியான கடன். டிக்கெட் வாங்கினவருக்கு உட்கார இடம், பத்திரம், நல்ல பாட்டு, இவ்வளவும் சேர வேண்டும். ஆனால் கையெழுத்தும் கைகுலுக்கலும் டிக்கெட்டில் சேர்ந்ததில்லை. கொடுத்தால் அது அன்பளிப்பு. அன்பளிப்பைக் கேட்டு வாங்கலாம், சண்டை போட்டு வாங்கலாமா?

வீட்டு விசேஷத்துக்கு முப்பது பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அப்பாடா என்று நாம் சுவரில் சாய்ந்து உட்காரும்போது, "வந்தவங்ககிட்டே ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா என்ன?" என்று யாராவது கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? சாப்பாடு நன்றாக இருந்ததென்றால் அதுதானே நாம் கொடுத்தது!

இன்னொன்றும் தோன்றுகிறது. சபா கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நம்மில் எத்தனை பேர் காபி குடிக்க எழுந்து போகிறோம்! மிருதங்கக்காரர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார், எதிரே காலி நாற்காலிகள். அவருக்கு நாம் பட்ட கடனை யார் தீர்ப்பது?

கேட்கும் முறை

கையெழுத்தே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் ஆசை குற்றமில்லை. முறை தெரிந்து கேட்கலாம்.

கச்சேரிக்கு முன்பே விழாக் கமிட்டியாரிடம், 'முடிந்ததும் பார்க்க முடியுமா?' என்று விசாரித்து வையுங்கள். நோட்டும், எழுதுகிற பேனாவும் தயாராக இருக்கட்டும். பாடியவரைத் தொடாதீர்கள், இழுக்காதீர்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். முடியாது என்றால் கும்பிட்டு வழி விடுங்கள். முக்கியமாக, 'அவங்க கட்டாயம் போட்டுக் குடுப்பாங்க' என்று குழந்தையிடம் முன்கூட்டி ஆசை காட்டாதீர்கள். நான் செய்த முதல் தப்பே அதுதான்.

பாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களால் முடியாதபோது ஒரு கும்பிடு போதும். பெரியவர்கள் புரிந்துகொள்வோம். குழந்தையாக இருந்தால் கன்னத்தில் ஒரு தட்டு. அதற்குத் தொண்டை வேண்டாமே!

ஆவடிக்கு அந்தப் பக்கம் தாமரைப்பாக்கத்தில்தான் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை 2020 செப்டம்பர் 26ஆம் தேதி அடக்கம் செய்தார்கள். மேடையில் வாத்தியம் வாசிக்கிறவர்களைப் பேர் சொல்லிப் பாராட்டுகிற மனசு அவருக்கு. இனி அவரிடம் யாரும் கையெழுத்து வாங்க முடியாது. ஆனால் காலையில் ரேடியோவைத் திருப்பினால் அவர் குரல் நம் சமையலறைக்கே வந்துவிடுகிறது. அவர் நமக்குத் தர வேண்டியதை எப்போதோ தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன ஆடியில் மறுபடி கச்சேரி. வேறு பாடகி, வேறு குழு. முடிந்ததும் கூட்டம் பாடகியை மொய்த்துக்கொண்டது. என் பெண் அங்கே போகவில்லை. மேடை ஓரத்தில் உறை மாட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்த டோலக் வாசித்தவரிடம் போய், "அண்ணா, நல்லா வாசிச்சீங்க" என்றாள். அவர் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்! அப்புறம் உறையைக் கழற்றி, "நீயும் ஒரு தட்டு தட்டிப் பாரு பாப்பா" என்று டோலக்கை அவள் பக்கம் திருப்பினார்.

நோட்டில் அந்த நாலு பக்கமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அன்றைக்கு வேனில் திரும்பிப் பார்த்த பெண்ணை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. எங்கேயாவது பார்த்தால் கையெழுத்து கேட்கப் போவதில்லை. "அம்மா, அன்னைக்கு நீ ரொம்ப நல்லாப் பாடினே, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.