அக்கிக்கும் ஆந்தைக்கண்ணுக்கும் ஒரே ஆள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இடுப்பைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம் கிளம்பினால், ஆஸ்பத்திரிக்கு முன்னால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டு நினைப்புதான் வரும். காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, சிங்கமோ நாயோ வரைந்து அக்கி எழுதிவிடுவார். "வெயில்ல பருத்தி எடுத்தா சூடு ஏறாம என்ன செய்யும்?" என்பார்கள் வீட்டில். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிரும். எழுதாவிட்டாலும் உதிரும் என்பதுதான் சங்கதி. சிலருக்குக் கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கிற எரிச்சல் காவிக்குக் கட்டுப்படுவதில்லை.

காரணம் வெயில் அல்ல, சின்ன வயதில் போட்ட அம்மை. தண்ணீர் ஊற்றி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்ததையும் செலுத்தி முடித்த பிறகும், சின்னம்மை வைரஸ் முதுகெலும்பையொட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. வயதாகி எதிர்ப்புச்சக்தி தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு இறங்குகிறது. அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்பது அதனால்தான்.

அக்கி வந்த வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை போடுவதை ஹங்கேரி மருத்துவர் போகாய் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். சோதனைக்கூடத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டவர் ஹார்வர்டின் தாமஸ் வெல்லர் (1915–2008). 1948-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சின்னம்மை வைரஸை வளர்க்கத்தான் மனிதத் திசுக்களைக் குடுவையில் போட்டு வைத்தார். சில குடுவைகள் மிஞ்சின. வீணாக்குவானேன் என்று அவற்றில் போலியோ வைரஸை விட்டார். சின்னம்மை வளரவில்லை; போலியோ வளர்ந்தது. அதற்காக எண்டர்ஸ், ராபின்ஸ் இருவரோடும் 1954-இல் நோபல் பரிசு.

நோபல் வாங்கித் தந்த போலியோவை விட, கைக்கு அகப்படாமல் போன அம்மை வைரஸை இவர் விடாமல் துரத்தியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்ற வைரஸ்கள் பல, செல்லை உடைத்துக்கொண்டு சுற்றியுள்ள திரவத்தில் மிதக்கும். அந்தத் திரவத்தில் கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவையில் விட்டால் போதும். இது செல்லோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்துச் செல்லுக்கு மட்டும் மெல்லப் பரவுகிறது. ஆகவே வெல்லர் நோய் பிடித்த செல்களையே எடுத்து மாற்றினார். சின்னம்மைக் கொப்புளத்து நீர், அக்கிக் கொப்புளத்து நீர் இரண்டிலிருந்தும் வைரஸ் வளர்ந்தது. செல்லில் ஒரே மாதிரிச் சேதம். 1953-இல் அதை வெளியிட்டார். இரண்டும் ஒரே வைரஸ்தான் என்று 1958-க்குள் நிலைநாட்டியும் விட்டார். உடம்புக்குள் உறங்கி எழுவதுதான் அக்கி என்பதை 1965-இல் விரித்து எழுதியவர், இங்கிலாந்தின் சின்ன ஊர் டாக்டர் ஹோப்-சிம்ப்சன்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணுக்கே ஆபத்து. காவியைத் தேடாமல் அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறுவது நல்லது. வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

அக்கி வைரஸ், ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் இன்னொரு வைரஸும் வெல்லரிடம் தற்செயலாகவே சிக்கியது. ஒரு கைக்குழந்தைக்கு டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி என்று சந்தேகப்பட்டு, கல்லீரல் துணுக்கை வளர்த்துப் பார்த்தார். ஒட்டுண்ணி இல்லை. செல்கள் ஊதி, நடுவில் ஆந்தைக்கண் போல ஒரு திட்டு தெரிந்தது. இத்தகைய செல்களை 1881-லேயே ஜெர்மானியர் ரிபெர்ட் பார்த்திருந்தார், காரணம் புரியவில்லை. அமெரிக்காவில் மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ இருவரும் அதே காலத்தில் தனித்தனியே இந்த வைரஸைப் பிடித்தார்கள். 1960-இல் சைட்டோமெகலோவைரஸ் என்று பெயர் வைத்தது வெல்லர் குழு.

நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இது இருக்கிறது, சத்தமில்லாமல். எதிர்ப்புச்சக்தி அடியோடு குலைந்தால்தான் எழும். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையை இது அரிப்பதைச் சென்னை சங்கர நேத்ராலயாவில் ஜோதிர்மய் பிஸ்வாஸ் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். கர்ப்பத்தில் தொற்றினால் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம். பிறந்தபோது நன்றாகக் கேட்டு, பிறகு மங்குவதும் உண்டு. கர்ப்பத்தில் வந்த தொற்றா என்று தெரிய, பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு கிடைக்கும் வைரஸ் தாய்ப்பால் வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.