வெள்ளெழுத்துக்குக் காண்டாக்ட் லென்ஸ்

கணக்கு நோட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்களா? 40 வயதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்துதான் அது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதே காரணம்.

புனே மழையில் கட்கியிலிருந்து சிவாஜிநகருக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவருக்கு மூக்குக் கண்ணாடி பெருந்தொல்லை. ஹெல்மெட்டுக்குள் ஆவி படர்ந்து பாதை மறையும்.

இதற்கு மாற்று, 'மல்டிபோகல்' காண்டாக்ட் லென்ஸ். தூரத்தில் பார்க்கவும் கிட்டத்தில் படிக்கவும் தனித்தனிப் பகுதிகள் ஒரே லென்சில் உண்டு. தேவையானதை மூளை தேர்ந்துகொள்ளும். பழக ஓரிரு வாரம் ஆகலாம். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், பழகும்வரை இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் லென்சைக் கழுவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய 'அகாந்தமீபா' என்ற கிருமி கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறித்துவிடும். கையைக் கழுவித் துடைத்த பிறகே லென்சைத் தொடுங்கள். போட்டபடி தூங்காதீர்கள். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அன்றைக்குக் கைகொடுப்பது கண்ணாடிதான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!