ஊதினாலும் காயாத நகப்பூச்சு

ஜெல் நெயில் பாலிஷைப் பூசிவிட்டு எவ்வளவுதான் ஊதினாலும் காயாது. மின்விசிறிக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் காயாது. இருட்டறையில் ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும், காலையில் தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். ஆனால் ஒரு சின்ன விளக்குப் பெட்டிக்குள் கையை விட்டால், ஒரே நிமிடத்தில் இறுகிக் கெட்டியாகிவிடும். அப்புறம் பாத்திரம் தேய்த்தாலும் துணி துவைத்தாலும் இரண்டு வாரத்துக்கு அசையாது.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காகப் பார்லருக்குப் போனபோதுதான் நானும் முதன்முதலாக இதைப் போட்டுக்கொண்டேன். கூட வந்த அக்கா மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். என் நகத்தில் முதல் பூச்சு விழுந்ததுமே, பழக்க தோஷத்தில் குனிந்து ஊத ஆரம்பித்துவிட்டாள்.

"ஊதாதே பாப்பா, இது ஊதினாக் காயாது. லைட்டுலதான் வைக்கணும்" என்றார் பூசிவிட்ட பெண்.

"லைட்டு சூடா இருக்குமா சித்தி? அந்தச் சூட்டுலதான் காயுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் காய வைப்பது சூடு இல்லை. உண்மையில் இங்கே எதுவுமே 'காய்வதில்லை'.

முதலில் சாதாரண நெயில் பாலிஷை எடுத்துக்கொள்வோம். அதில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் கரைந்திருக்கிறது. பஞ்சை நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம் இரண்டும் சேர்ந்த கலவையில் ஊறவைத்தால் கிடைப்பது அது. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலர் சுவிட்சர்லாந்தில் இதைச் செய்துகாட்டியபோது, முதலில் எல்லோருக்கும் தோன்றியது வெடிமருந்தாகப் பயன்படுத்தலாம் என்பதுதான்! பிறகு 1920களில் காருக்கு அடிக்கும் பளபளப்பான பெயின்ட் ஆனது. அந்தப் பளபளப்புதான் நகத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்த நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்களில் கரைத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறுகிறதே, அது இந்தக் கரைப்பான்களின் வாசனை. நகத்தில் பூசியதும் அவை ஆவியாகிப் பறந்துவிட, நிறமும் நைட்ரோசெல்லுலோஸும் மெல்லிய ஏடாகத் தங்கிவிடுகின்றன. ஊதினால் ஆவி சீக்கிரம் விலகும். அதனால் அங்கே ஊதுவதில் அர்த்தம் உண்டு. மேல்பக்கம் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கும். அவசரப்பட்டுப் போர்வையை இழுத்தால் நகத்தில் துணியின் வரிகள் பதிவது அதனால்தான்.

ஜெல்லின் கதை வேறு. பள்ளி மைதானத்தில் சங்கிலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். பிடிபட்டவர் பிடித்தவரோடு கைகோத்துக்கொள்ள வேண்டும், ஓரத்தில் இருப்பவர் அடுத்த ஆளைத் துரத்திப் பிடிக்க வேண்டும், இல்லையா? ஜெல்லுக்குள்ளும் அந்த ஆட்டம்தான் நடக்கிறது. அதில் மோனோமர்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. அவை தாமாக ஓடா. தொடங்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒளித்தூண்டி என்று பெயர். அதன் மேல் சரியான ஒளி பட்டதும் அது இரண்டாக உடைகிறது. உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு கையை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள மோனோமரைப் பிடிக்கிறது. பிடிபட்ட மோனோமரின் மறுகை நீள்கிறது. அது அடுத்ததைப் பிடிக்கிறது. இப்படியே சங்கிலி நீண்டுகொண்டு போகிறது. சில மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் இரண்டு சங்கிலிகளில் கைகோத்துக்கொள்ளும். அதனால் கடைசியில் கிடைப்பது ஒரு வலை. பாட்டிலில் திரவமாக இருந்தது, நகத்தின் மேல் வலைப்பின்னலான பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. எதுவும் ஆவியாகிப் போகவில்லை. உள்ளே இருந்தவையே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன.

இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைக்க எந்த ஒளியும் போதாது. பெரும்பாலான எல்.இ.டி. பெட்டிகளில் 365, 405 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளங்களில் ஒளி வரும். 405 நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரியும். 365 புற ஊதாக் கதிர், தெரியாது. வெளிச்சம் மங்கலாகத்தானே இருக்கிறது என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் அங்கே அதிகம் ஆபத்தானது. சூரிய ஒளியிலும் புற ஊதா இருக்கிறது அல்லவா? அதனால்தான் ஜெல் பாட்டில்கள் ஒளி புகாதபடி செய்யப்படுகின்றன. ஜன்னலோரம் திறந்து வைத்தால் பிரஷ் உள்ளேயே இறுகிப்போகும்.

என் நகத்தை மூன்று முறை விளக்கில் வைத்தார்கள். அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு என்று ஒவ்வொன்றும் மெல்லியதாக. ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் என்ன? நிறத்தூள் ஒளியை மறித்துவிடும். மேலே இறுகிவிடும், அடியில் திரவமாகவே கிடக்கும், பூச்சு சுருங்கி மடிப்பு விழும். கறுப்பு நிறத்தில் இந்தத் தொல்லை அதிகம். ஒரு தடவை பெட்டிக்குள் நகத்தில் சுருக்கென்று சூடு தெரிந்தது. அது விளக்கின் சூடு இல்லை. மோனோமர்கள் கைகோக்கும்போது வெளியாகும் வெப்பம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். பெட்டியிலிருந்து கையை எடுத்ததும் அக்கா மகள் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒட்டுதே! ஏமாத்திட்டாங்க சித்தி" என்றாள். யாரும் ஏமாற்றவில்லை. குற்றவாளி காற்றில் இருக்கும் ஆக்சிஜன். அது சங்கிலியின் ஓரத்தில் நீட்டிய கையை ஓடிவந்து பிடித்துக்கொள்ளும், ஆனால் அடுத்தவரைப் பிடிக்கச் சுணங்கும். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். காற்று படுவது மேற்பரப்பில் மட்டும்தானே? எனவே அடியில் எல்லாம் இறுகியிருக்க, உச்சியில் மட்டும் மிக மெல்லிய பிசுபிசுப்பு மிச்சமாகிறது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒரு துடை துடைத்தார்கள். அடியிலிருந்து கண்ணாடிப் பளபளப்பு வெளிப்பட்டது. நாம் உயிர்வாழ மூச்சிழுக்கும் ஆக்சிஜன், இங்கே ஆட்டத்தைக் கெடுக்கும் பேர்வழி!

உங்களில் யாருக்காவது பல் அடைத்திருக்கிறார்களா? வெள்ளைப் பசையை வைத்து, பேனா மாதிரி ஒரு கருவியால் நீல ஒளி அடித்திருப்பார்களே, அதுவும் இதே குடும்பத்து வேதியியல்தான். அங்கே ஒளியின் அலைநீளம் 470 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். பல் மருத்துவரும் குழியை ஒரேயடியாக நிரப்பமாட்டார். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளி அடிப்பார். காரணம் உங்களுக்கே தெரியும்.

சரி, இவ்வளவு கெட்டியான பூச்சை எப்படி எடுப்பது? அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி வைக்கிறார்கள். சாதாரண பாலிஷ் அசிட்டோனில் கரைந்து ஓடிவிடும். ஜெல்லின் வலை கரையாது. ஆனால் அசிட்டோனை உறிஞ்சி ஊதி, நகத்திலிருந்து கழன்று எழும்பும். சும்மா இருக்க முடியாமல் கையால் உரித்தால், ஜெல்லோடு நகத்தின் மேலடுக்குகளும் பெயர்ந்து வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு "அம்மா, எனக்கும் போட்டுவிடு" என்று கிளம்பிவிடாதீர்கள். இது சிறுவர்களுக்கானது இல்லை. இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும். பிற்காலத்தில் பல் அடைக்கும் பசைகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஜெல் தொகுப்புகளால் இந்தச் சிக்கல் கூடுகிறது என்று பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் எச்சரித்தது. விளக்கைப் பற்றியும் கேள்விகள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் 20 நிமிடம் இந்த ஒளியில் இருந்தபோது 20 முதல் 30 சதவீதம் இறந்துபோயின. தட்டில் இருந்த செல்கள் வேறு, தோல் போர்த்திய விரல் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. எனினும் பெரியவர்கள் விரல்நுனி திறந்த கையுறை போட்டுக்கொள்வது நல்லது. டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து என் ஜெல் அப்படியே பளபளத்தது. ஆனால் நகத்தின் அடியில் பிறை வடிவில் வெற்று நகம் எட்டிப் பார்த்தது. பூச்சு நகரவில்லை, நகம்தான் வளர்ந்து பூச்சையும் சுமந்துகொண்டு முன்னேறிவிட்டது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் மாதாமாதம் முதல் தேதியில் தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வந்துசேரும் வரை கணக்கு வைத்தார். இதை 35 ஆண்டுகள் விடாமல் செய்தார்! 32 வயதில் அவருடைய நகம் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் 0.095 ஆகக் குறைந்தது.

இந்த அளவீட்டுக்கு உங்களுக்கு ஜெல்லும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். மருதாணி போதும். மருதாணியின் சாயம் நகத்தின் மேல் ஏடாகப் படிவதில்லை, நகத்தின் கெரட்டின் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் உரியாது, அழியாது, நகத்தோடுதான் நகரும். அடுத்த முறை வைக்கும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அடியில் தெரியும் சாயமில்லாத பிறையின் அகலத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நடுவிரல் நகமும் சுண்டுவிரல் நகமும் ஒரே வேகத்தில்தான் வளர்கின்றனவா? விடை எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன். அளந்து பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.